முத்துக்கடலின் மூன்று கரைகள்

தூத்துக்குடித் தோணித்துறையில் நின்று தெற்கே நோக்குவோருக்குக் கடலும் வானும் கூடுமிடம் ஒன்றே தெரியும். ஆயினும் அந்தக் கடலைச் சூழ்ந்து மூன்று குடியரசுகள் இருக்கின்றன. இக்கரையில் நம் பாரத நாடு. ஓரிரவுப் பயணத்தில் இலங்கை. தென்மேற்கே இன்னும் சில நாள் ஓடினால் மாலத்தீவு. காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு நம் துறையிலிருந்து மாலே நகருக்குத் தோணிகள் போய்வருகின்றன. கொழும்பு நகரோ காயல்பட்டினத்து மாணிக்க வணிகர்களுக்கு இரண்டாவது ஊர். 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டபோது, 8,000 பங்குகளை வாங்கி இரண்டு லட்ச ரூபாயை முதலில் வைத்த ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்களை நாம் மறப்பதற்கில்லை. அக்கப்பல்கள் ஓடியதும் இந்தக் கொழும்புப் பாதையில்தான்.

ஒரே கடலின் உப்பைத் தின்று வாழும் இம்மூன்று நாடுகளும் தம் தலைவரைத் தேர்ந்தெடுக்க மூன்று வேறு வழிகளைக் கண்டிருக்கின்றன. எது நல்ல வழி என்று அறிஞர்கள் ஏடுகளில் வாதிடுவதை நாம் படித்திருக்கிறோம். சிறுபான்மையாய் வாழும் மக்களின் நிலையிலிருந்து, அதிலும் இந்தக் கடற்கரையில் நின்று, அவ்வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

பிரச்சினை நமக்குப் புதிதன்று. நம் ஊர் ஜமாஅத்துகளையே எடுத்துக்கொள்வோம். சில ஊர்களில் வரி செலுத்தும் தலைக்கட்டுகள் அனைவரும் பள்ளிவாசலில் கூடி முத்தவல்லியைத் தேர்ந்தெடுப்பர். வேறு சில ஊர்களில் ஒவ்வொரு தெருவும் தனக்குச் சிலரைத் தேர்ந்தெடுக்கும். அச்சிலர் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பர். முதல் வழியில் பெரிய தெருவின் விருப்பமே ஊரின் விருப்பமாகிவிடும் என்பர் ஒரு சாரார். இரண்டாம் வழியில் பத்துப் பேரைச் சரிக்கட்டினால் ஊரையே வாங்கிவிடலாம் என்பர் மறுசாரார். இரு சாராரும் சொல்வது மெய்தான். நாடுகளின் கதையும் இதுவே. தெருவுக்குப் பதில் மாநிலம், முத்தவல்லிக்குப் பதில் குடியரசுத் தலைவர்.

முதலில் நம் நாட்டைப் பார்ப்போம். நம் அரசியலமைப்பை எழுதிய நிர்ணய சபையே மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றன்று. 1946இல் மாகாணச் சட்டசபை உறுப்பினர்கள் வாக்களித்து அமைத்த அவை அது. அச்சட்டசபைகளைத் தேர்ந்தெடுத்தவர்களும் சொத்தோ படிப்போ உடைய ஒரு பகுதி மக்களே. சென்னை மாகாணத்துக்கு 49 இடங்கள். அவற்றுள் முஸ்லிம்களுக்கு 4. திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயீல் சாகிபு அவர்கள் அந்த அவையில் இருந்தார். யார் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்வி சிறுபான்மையினருக்கு எத்துணை முக்கியம் என்பதை அவர் நன்கறிந்தவர். 1947 ஆகஸ்டில் தனித்தொகுதி முறை வேண்டும் என்று போக்கர் சாகிபு முன்மொழிந்தார். அவை அதை ஏற்கவில்லை.

அதே அவையில் குடியரசுத் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்ற விவாதமும் நிகழ்ந்தது. வயது வந்தோர் அனைவரும் நேரே வாக்களிக்க வேண்டும் என்று பேராசிரியர் கே.டி.ஷா 1948 டிசம்பரில் திருத்தம் கொண்டுவந்தார். நாடு முழுவதின் வாக்கைப் பெற்றவனே நாட்டின் தலைவனாக நிற்க முடியும் என்பது அவர் கருத்து. இதற்கான மறுமொழியை நேரு 1947ஆம் ஆண்டிலேயே சொல்லியிருந்தார். நம் அமைப்பில் உண்மையான அதிகாரம் அமைச்சரவையிடமே இருக்கிறது. கோடிக்கணக்கான மக்கள் வாக்களித்து ஒருவரை அமர்த்திவிட்டு, அவருக்கு அதிகாரம் ஏதும் தராமல் வைத்தால் அது பொருந்தாத ஏற்பாடாகும். காலமும் பொருளும் வீணாகும் என்றார். ஷாவின் திருத்தம் தோற்றது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டப் பேரவைகளிலும் தேர்தல் மூலம் வந்த உறுப்பினர்கள் சேர்ந்த தேர்வாளர் குழாம் ஒன்று அமைந்தது. நியமன உறுப்பினர்களுக்கும் மேலவையினருக்கும் அதில் இடமில்லை.

இதன் கணக்கு சுவையானது. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை அதன் பேரவை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மீண்டும் 1,000ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது ஓர் உறுப்பினருடைய வாக்கின் மதிப்பு. தமிழகத்தில் அது 176. உத்தரப் பிரதேசத்தில் 208. சிக்கிமில் 7. மாநிலங்கள் அனைத்தின் மதிப்பையும் கூட்டி, அதற்கு ஏறத்தாழச் சமமான மதிப்பை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பங்கிடுவர். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுடைய தலைக்கு 700 வாக்குகள் வந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இக்கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் மக்கள்தொகை இன்றைய தொகையன்று, 1971ஆம் ஆண்டினது. குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த மாநிலங்கள் அதனாலேயே தண்டனை பெறக் கூடாது என்று கருதி அதை நிறுத்தி வைத்தார்கள். 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் தொகை வெளியாகும்வரை அது அப்படியே நிற்கும். 2011ஆம் ஆண்டுத் தொகையை வைத்து நாமே கணக்கிட்டுப் பார்த்தோம். தமிழக உறுப்பினரின் மதிப்பு 308 ஆகிறது. உத்தரப் பிரதேச உறுப்பினரின் மதிப்பு 496 ஆகிறது. இப்போது அவர்களுடைய மொத்தப் பேரவை வாக்கு நம்முடையதைப்போல் இரு மடங்கு; புதிய தொகையில் அது இரண்டே முக்கால் மடங்காகும். 1971இல் நாட்டின் மக்களில் நூற்றுக்கு ஏழரைப் பேர் தமிழகத்தில் இருந்தனர். 2011இல் ஆறு பேரே. நேரடி வாக்கெடுப்பு வந்தால் 1971 என்னும் இந்த அணை அன்றே உடைந்துவிடும். நேரடித் தேர்தலே ஜனநாயகம் என்று மேடையில் முழங்கும் நம் நண்பர்கள் இதை எண்ணிப் பார்த்தார்களா என்பது ஐயமே.

நமக்கு இந்தக் கடற்கரையோடு ஒட்டிய இன்னொரு சாட்சியமும் உண்டு. இதே மன்னார் வளைகுடாவின் வடகோடியில், இராமேசுவரத்தில், யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லும் படகு வைத்திருந்த ஜைனுலாப்தீன் மரக்காயரின் மகன் 2002இல் நாட்டின் தலைவரானார். அப்துல் கலாம் பெற்ற வாக்குமதிப்பு 9,22,884. இடதுசாரிகள் நிறுத்திய கேப்டன் லட்சுமி சாகல், அவரும் சென்னையில் பிறந்தவரே, பெற்றது 1,07,366. அவ்வாண்டின் தொடக்கத்தில் குஜராத்தில் நிகழ்ந்த படுகொலைகளின் புண் ஆறாத நேரம் அது. ஆளுங்கட்சி ஒரு முஸ்லிமை முன்னிறுத்தியதை அணிகலன் என்று நம்மவர் பலர் ஐயுற்றதும் உண்மை. கலாம் பதவியேற்ற அடுத்த மாதமே குஜராத்துக்குச் சென்றார் என்பதும் உண்மை.

அவருக்கு முன் இருவர் உண்டு. 1967இல் டாக்டர் ஜாகிர் உசேன், முன்னாள் தலைமை நீதிபதி சுப்பாராவை எதிர்த்து, 4,71,244க்கு 3,63,971 என்ற கணக்கில் வென்றார். 1974இல் பக்ருதீன் அலி அகமது வந்தார். மதத்தின் பெயரால் நாடு பிளவுண்டு இருபதே ஆண்டுகள் கழிந்திருந்தன. நாடு முழுவதும் நேரே வாக்களித்திருந்தால் ஜாகிர் உசேன் வென்றிருப்பாரா? வென்றிருக்கலாம். ஆனால் அந்தப் பிரசாரம் எப்படி நடந்திருக்கும் என்று எண்ணும்போது நம் உள்ளம் நடுங்குகிறது. தேர்வாளர் குழாம் அந்தக் காயத்திலிருந்து நாட்டையும் அவரையும் காத்தது என்றே நாம் கருதுகிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. 1975 ஜூன் 25 இரவில் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் பக்ருதீன் அலி அகமது. அவர் நம்மவர் என்பதால் அதைப் பேசாமல் விடலாகாது. கட்சி தேர்ந்தெடுத்த தலைவர் கட்சித் தலைமைக்கு ‘இல்லை’ என்று சொல்வது அரிது. 2012இல் நிகழ்ந்தது வேறு விதம். கலாம் மீண்டும் வரவேண்டும் என்று அந்த ஜூன் மாதம் கடற்கரைத் தேநீர்க் கடைகளில் பேசாதவர் இல்லை. நாடெங்கும் அவ்விருப்பம் இருந்தது. கட்சிகளின் எண்ணிக்கையோ வேறாக இருந்தது. ஜூன் 18 அன்று தாம் போட்டியிடவில்லை என்று அவர் அறிவித்துவிட்டார். பிரணாப் முகர்ஜி 7,13,763 மதிப்புடன் வென்றார். மக்களின் ஆசைக்கும் குழாமின் கணக்குக்கும் இடையே உள்ள தூரத்தை அன்றுபோல் நாம் உணர்ந்ததில்லை. அந்த நாளில் நாமும் நேரடித் தேர்தலை விரும்பியவர்களே.

அவ்விருப்பத்தை மறுபரிசீலனை செய்ய வைத்தது அக்கரை.

இலங்கையில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஆட்சி அதிகாரம் முழுவதையும் கையில் கொண்ட ஜனாதிபதியை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1982 அக்டோபரில் நடந்த முதல் தேர்தலில் ஜே.ஆர்.ஜெயவர்த்தன 52.91 விழுக்காடு பெற்று வென்றார். நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டியே ஆகவேண்டும் என்பது விதி. சிங்கள மக்கள் இரு பெருங்கட்சிகளாகப் பிரிந்து நிற்கையில், தமிழரும் முஸ்லிம்களும் மலையகத்தாரும் இல்லாமல் எவரும் ஐம்பதைத் தொட முடியாது என்று அன்று நம்பினார்கள்.

அந்நம்பிக்கை ஒரு முறை நன்றாகவே பலித்தது. 1988இல் ரணசிங்க பிரேமதாசவுக்கு ஒவ்வொரு வாக்கும் தேவைப்பட்டது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் மர்ஹூம் எம்.எச்.எம்.அஷ்ரஃப் அவரிடம் பணமோ பதவியோ கேட்கவில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு கட்சி இடம்பெற மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறவேண்டும் என்றிருந்த வரம்பை இருபதில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று கேட்டார். தேர்தலுக்கு முன்பே அரசியலமைப்பின் 15ஆவது திருத்தமாக அது நிறைவேறிற்று. பிரேமதாச 50.43 விழுக்காட்டில் வென்றார். சிறு சமூகம் ஒன்று தன் வாக்கை இவ்வளவு மதிநுட்பத்துடன் விலைபேசியதற்கு நம் பகுதி வரலாற்றில் நிகரில்லை. நேரடித் தேர்தல் இல்லாவிட்டால் இது நடந்திராது.

ஆனால் 2005இல் வடக்கே விடுதலைப் புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தனர். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. மகிந்த ராஜபக்ச ஏறத்தாழ 1,80,000 வாக்கு வேறுபாட்டில் 50.29 விழுக்காடு பெற்றார். அதன் பின் வந்த போரின் முடிவை வாசகர் அறிவர். 2015இல் அதே மகிந்தவை மைத்திரிபால சிறிசேன 51.28 விழுக்காட்டில் வீழ்த்தியபோது வடக்கு கிழக்குத் தமிழரும் முஸ்லிம்களும் அளித்த வாக்கே துலாக்கோலைச் சாய்த்தது. நான்கே ஆண்டில் காற்று திசை மாறிற்று. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின், 2019இல் கோத்தாபய ராஜபக்ச 52.25 விழுக்காடு பெற்றார். வடக்கும் கிழக்கும் அவரைப் பெருவாரியாக நிராகரித்தும் அவர் வென்றார். சிறுபான்மையினர் இல்லாமலே ஐம்பதைத் தாண்டலாம் என்பது கண்முன்னே நிரூபணமாயிற்று.

அதன் விலையைக் கொழும்பு முஸ்லிம்கள் அடுத்த ஆண்டே கொடுத்தார்கள். கொரோனா நோயில் இறந்தவர் எவராயினும் எரிக்கப்பட வேண்டும் என்று 2020இல் அரசு ஆணையிட்டது. அடக்கம் செய்வதால் தீங்கில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியிருந்தும், பிறந்து சில நாளே ஆன குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கொழும்பு உறவுள்ள வீடுகளில் அந்நாட்களில் நிலவிய துயரம் சொல்லுந்தரமன்று. 2021 பிப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. ஒரு சமூகத்தின் வாக்கு தேவையில்லை என்று ஆனபின் அதன் மையித்தும் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது.

வரலாற்றின் விந்தை, கோத்தாபயவை 2022 ஜூலையில் நாட்டைவிட்டு ஓடச் செய்தது மக்களின் திரளே. அவருக்குப் பதிலாக வந்தவரைத் தேர்ந்தெடுத்ததோ மக்களல்லர். நாடாளுமன்ற உறுப்பினர் 225 பேர். ஜூலை 20 அன்று ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குப் பெற்றார். அதே வாக்கெடுப்பில் மூன்றே வாக்குப் பெற்றவர் அநுர குமார திசாநாயக்க. இரண்டு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பரில், மக்கள் நேரே வாக்களித்தபோது அதே அநுர 56 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் முதலிடம் பெற்றார். 225 பேர் கொண்ட அவை நாட்டிலிருந்து எவ்வளவு விலகி நின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் நம் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. 1955 முதல் 1961 வரை நடந்ததே இங்கு கடைசிக் குளிப்பு. குளிப்பை அறிவிக்குமுன் பாரில் இறங்கி ஒரு தொகைச் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பார்கள். அவற்றிலுள்ள முத்தை மதிப்பிட்டுப் பாரின் மதிப்பை முடிவு செய்வார்கள். பாரின் ஒரு மூலையிலிருந்து மட்டும் அள்ளினாலோ, அள்ளி நெடுநாள் கழித்து மதிப்பிட்டாலோ கணக்குப் பொய்த்துவிடும். தேர்வாளர் குழாமும் அத்தகைய மாதிரிச் சிப்பிதான். பாகிஸ்தானில் அயூப்கான் 80,000 அடிப்படை ஜனநாயக உறுப்பினர்களைக் கொண்டு ஒரு குழாம் அமைத்தார். 1965 ஜனவரியில் பாத்திமா ஜின்னா அம்மையாரை எதிர்த்து அவர்களிடம் ஏறத்தாழ 50,000 வாக்குப் பெற்றார். அம்மையாருக்கு ஏறத்தாழ 29,000. கோடிக்கணக்கான மக்களை மிரட்டுவது கடினம். 80,000 பேரை அதிகாரிகள் பெயர் சொல்லி அழைத்துப் பேசலாம். அமெரிக்காவில் 538 தேர்வாளர் முறை வேறு வகையில் பொய்த்தது. 2000இலும் 2016இலும் நாடு முழுவதும் குறைந்த வாக்குப் பெற்றவரே வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார்.

மூன்றாவது கரையான மாலத்தீவு பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டு அமைப்பின்படி மஜ்லிஸ் ஒரே ஒருவரை முன்மொழியும். மக்கள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். மவ்மூன் அப்துல் கையூம் 1978 முதல் ஆறு முறை இப்படி வந்தார். ஆறு முறையும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ‘ஆம்’. குழாமும் இருந்தது, மக்கள் வாக்கும் இருந்தது. தேர்வு மட்டும் இல்லை. 2008இல் முதன்முறையாகப் பலர் நின்றனர். முதல் சுற்றில் எவருக்கும் பாதி கிட்டாமல், இரண்டாம் சுற்றில் முகம்மது நஷீத் ஏறத்தாழ 54 விழுக்காட்டில் வென்றார்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கையில், நேரடி வாக்கா குழாமா என்ற கேள்வியைவிட, அமரப்போகும் நாற்காலிக்கு எவ்வளவு அதிகாரம் என்ற கேள்வியே முந்தியது என்று நமக்குத் தோன்றுகிறது. அதிகாரமற்ற நாற்காலிக்கு நேரடித் தேர்தல் வைப்பது அந்நாற்காலியில் அமர்பவரை நாளை அதிகாரம் கேட்க வைக்கும். அதிகாரம் குவிந்த நாற்காலிக்குக் குழாம் வைப்பது அக்குழாமை விலைக்கு வாங்கச் செய்யும். இந்த வகையில் நேரு கூறியது சரியே என்பது நம் துணிபு. 2012இல் நாம் விரும்பியது ஒரு மனிதரை, ஒரு முறையையன்று.

இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு, பலர் அறியாதது. வாக்குச் சீட்டில் 1, 2, 3 என்று விருப்பத்தை எழுதும் முறை இரு கரையிலும் ஒன்றே. நம் நாட்டில் 1969இல் வி.வி.கிரிக்கு முதல் எண்ணிக்கையில் கிடைத்தது 4,01,515. நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. இருவருக்கும் பாதியில்லை. மற்றவர்களின் இரண்டாம் விருப்பங்களைக் கூட்டிய பின்னரே 4,20,077க்கு 4,05,427 என்று கிரி வென்றார். இலங்கையில் 2024இல்தான் முதன்முறையாக இரண்டாம் விருப்பை எண்ண வேண்டி வந்தது. முதல் எண்ணிக்கையில் 42.31 விழுக்காடு மட்டுமே பெற்ற அநுர அதன் பின்னரே வென்றதாக அறிவிக்கப்பட்டார். தம் முதல் விருப்பம் தோற்கும் என்று அறிந்த சிறுபான்மையினருக்கு இந்த ‘2’ என்னும் எண்ணே கைப்பொருள். அக்கரையில் ஒவ்வொரு குடிமகனும் அதை எழுதலாம். இக்கரையில் எழுத நாலாயிரத்து எண்ணூறு பேருக்கே உரிமை.

தூத்துக்குடி மாவட்டத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறோம். விளாத்திகுளம், தூத்துக்குடி, திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி என ஆறு சட்டப் பேரவைத் தொகுதிகள். காயல்பட்டினம் திருச்செந்தூரில் அடங்கும். ஆறு உறுப்பினர்களின் மதிப்பு 1,056. நாடாளுமன்ற உறுப்பினரின் 700ஐயும் சேர்த்தால் 1,756. 2022இல் நாட்டின் மொத்த மதிப்பு 10,86,431. ஆறு பேரும் சென்னைத் தலைமைச் செயலகத்தில் இளஞ்சிவப்புச் சீட்டில் எண்களை எழுதிப் பெட்டியிலிட்டுத் திரும்புவர். இத்தேர்தலில் கட்சிக் கொறடாவின் ஆணை செல்லாது, வாக்கும் இரகசியம். நம் ஆறு பேரும் எவருக்கு முதல் எண் இட்டார்கள், எவருக்கு இரண்டாவது இட்டார்கள் என்பதை அவர்களை அனுப்பிய நாம் அறிய வழியில்லை.